உயிர்களை வகை செய்த வரலாறு

மண்ணிலும் நீரிலும் வாழும் உயிர்கள் அளவிறந்தன. அவற்றுள் அறிஞர் கண்டு பெயரிட்டுப் பட்டியலில் ஏற்றியவை மட்டும் இருபது இலட்சத்தை நெருங்குகின்றன. இன்னும் பெயர் பெறாதவை அவற்றினும் பல மடங்காகும் என்பர். இத்துணைப் பெருங்கூட்டத்தை ஒழுங்குபடுத்தாமல் அறிய முயல்வது வீண் முயற்சியாகும். அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் வெந்தயமும் தத்தம் அறையில் இருப்பதனாலன்றோ தாயின் கை அரையிருளிலும் தவறுவதில்லை? உயிர்களை இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இடமும் ஒரு பெயரும் அளிக்கும் துறையே உயிரின வகைப்பாடு எனப்படும்.

தாய்நாட்டின் பிற பகுதிகளில் குடியேறி வாழும் நம் பிள்ளைகள் இப்பாடத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அவ்வூர் மொழியிலோ படிக்கின்றனர். வாயில் நுழையாத இலத்தீன் பெயர்களைக் கண்டு, இஃது எங்கோ பிறந்த அயலார் கல்வி என்று அவர்கள் எண்ணிவிடுதல் இயல்பு. பெற்றோருள் சிலரோ, ‘இவை யாவும் நம் முன்னோர் என்றோ அறிந்தவையே’ எனக் கூறி அமைதி கொள்வர். இவ்விரண்டு கூற்றுக்கும் வரலாறு இடந்தரவில்லை. உண்மையில் நடந்தது இவ்விரண்டினும் சுவை மிக்கது. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிர் என்பது யாது?

வகை செய்யுமுன், வகை செய்யப்படுவது எது என்று தெளிதல் வேண்டும். உயிருள்ளது உண்ணும், மூச்சு விடும், வளரும், கழிவை அகற்றும், புறத்தேயிருந்து வரும் தூண்டலை உணர்ந்து அதற்கேற்ப நடக்கும், தன் இனத்தைப் பெருக்கும். பள்ளிச் சிறுவரும் இவற்றை ஒப்பிப்பர். ஆயினும் இவற்றுள் எதனையும் தனித்து எடுத்துக்கொண்டு, ‘இதுவே உயிரின் அடையாளம்’ என்று துணிந்து கூறல் இயலாது. சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு வளர்கிறது. ஆயின் அது புறத்தே படிந்து பெருகுவதேயன்றி உள்ளிருந்து வளர்வதன்று. கோவேறு கழுதை பொதுவாக ஈனுவதில்லை; அதனை உயிரற்றது என்பார் எவர்? உலர்ந்த வித்து ஆண்டுக்கணக்கில் அசைவின்றிக் கிடந்து, நீர் பட்டவுடன் முளை விடுகிறது. ஆகவே உயிரின் இயல்புகளைத் தொகுத்தே நோக்குதல் வேண்டும். உணவை உடைத்தும் உடலைக் கட்டியும் ஓயாது நடைபெறும் வளர்சிதை மாற்றமும், செல் என்னும் நுண்ணறைகளால் ஆன உடலமைப்பும் அவற்றுள் தலையாயவை.

செல் என்னும் கருத்து உருப்பெற இருநூறு ஆண்டுகள் ஆயின. 1665-இல் இராபர்ட் ஊக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியின்கீழ் வைத்துச் சிற்றறைகளைக் கண்டார். 1838-இல் சுலைடன் செடிகள் யாவும் செல்களால் ஆனவை என்றும், அடுத்த ஆண்டில் சுவான் விலங்குகளும் அவ்வாறே என்றும் நாட்டினர். செல்லிலிருந்தே செல் தோன்றும் என்பதனை 1855-இல் விர்சோ வலியுறுத்தினார்.

அதற்கு முன்னர், உயிரற்ற பொருளிலிருந்தும் உயிர் தானே தோன்றும் என்பது கீழ்த்திசைக்கும் மேல்த்திசைக்கும் பொதுவான நம்பிக்கையாக இருந்தது. கருப்பையில் பிறப்பன, முட்டையில் பிறப்பன, வியர்வையில் பிறப்பன, வித்தில் பிறப்பன என நம் நாட்டார் உயிர்த் தோற்றத்தை நால்வகைப்படுத்தினர். பேன் முதலியன வியர்வையில் பிறப்பன என்றனர். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் சில சிற்றுயிர்கள் சேற்றிலும் அழுகலிலும் தோன்றுவதாகக் கருதினார். 1668-இல் இத்தாலிய நாட்டு ரெடி ஓர் எளிய சோதனை செய்தார். இறைச்சியைச் சில கலங்களில் திறந்தும், சிலவற்றில் மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். ஈ வந்து அமர்ந்த இறைச்சியில் மட்டுமே புழு கண்டது. மூடிய இறைச்சியில் இல்லை. பின்னர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டர் நுண்ணுயிர்களுக்கும் இவ்வுண்மை பொருந்துமென மெய்ப்பித்தார். முன்னோர் கூற்றாயினும் சோதனைக்கு உட்படும் என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

எல்லை இன்றும் முற்றத் தெளிந்துவிடவில்லை. 1935-இல் ஸ்டான்லி என்பார் புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். குப்பியில் அது வெறும் பொடி. இலையினுள் புகுந்தால் பல்கிப் பெருகும். 2020-இல் உலகத்தாரை வீட்டுக்குள் அடைத்துவைத்த கொரோனாவும் இவ்வினத்ததே. அதனை உயிரென்பதா, அன்றென்பதா என அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர்.

தமிழ் நூலார் பகுப்பு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுக்கிறது. தொடுதலால் மட்டும் உணரும் புல்லும் மரமும் ஓரறிவுடையன. சுவையும் உடன் சேர்ந்த நத்தையும் சிப்பியும் ஈரறிவின. மோப்பமும் பெற்ற கறையானும் எறும்பும் மூவறிவின. கண்ணும் உடைய நண்டும் தும்பியும் நாலறிவின. செவியும் கொண்ட விலங்குகள் ஐயறிவின. இவற்றொடு மனமும் வாய்ந்த மக்கள் ஆறறிவினர். சமண நூல்களிலும் புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வகுக்கும் முறை உண்டு.

அதே இயலில் மற்றொரு பகுப்பும் உளது. வயிரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் அது பிரிக்கிறது. பனையையும் மூங்கிலையும் வெட்டிப் பார்த்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பனையின் வெளிப்புறம் கோடரிக்கு இணங்காது, உட்புறமோ சோறு. தேக்கிலும் கருங்காலியிலும் நடுவே அன்றோ வயிரம் பாய்ந்திருக்கும்? இன்றைய தாவரவியல் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் எனப் பிரிப்பதற்கும் இப்பகுப்புக்கும் பெரிதும் ஒற்றுமை உண்டு. மூங்கில் புற்குடும்பத்தைச் சேர்ந்ததென்றே இன்றைய அறிவியலும் கூறும். பனையும் தென்னையும் புற்குடும்பத்தன அல்ல. ஆயினும் ஒருவித்திலைப் பிரிவில் மூங்கிலோடு சேர்ந்தவையே.

இதனைக் கொண்டு தொல்காப்பியத்தை உயிரியல் நூலெனக் கொண்டாடுதல் பொருந்தாது. யானைக்குக் கன்று, புலிக்குப் பறழ், ஆண் யானை களிறு, பெண் யானை பிடி என இன்ன உயிருக்கு இன்ன சொல் என்று வரையறுப்பதே மரபியலின் நோக்கம். மேலும், எறும்புகளுள் மிகப் பலவற்றுக்குக் கண் உண்டு. செடிகள் ஒளியையும் அறிகின்றன. தூண்டலுக்குச் செடி காட்டும் மறுமொழியை ஜகதீச சந்திர போஸ் 1901-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் கருவிகள் கொண்டு விளக்கினார். ஆகவே ஆறறிவுப் பகுப்பை இன்றைய அறிவியலாக எடுத்தோத இயலாது. உயிர்களைக் கூர்ந்து நோக்கிய ஒரு மக்களினம் தன் நோக்கைச் சொல்லில் பதித்துவைத்தது என்பதே அதன் பெருமை. அப்பெருமை சிறிதன்று.

கிரேக்க நாட்டில் அரிஸ்டாட்டில் ஏறத்தாழ ஐந்நூறு வகை விலங்குகளை ஆராய்ந்து, செந்நீர் உடையன, இல்லன என இருபிரிவாக்கினார். கடலில் வாழும் டால்பின் குட்டி ஈன்று பாலூட்டுவதை அறிந்து, அதனை மீனினின்றும் பிரித்தார். அவர் மாணவர் தியோபிராஸ்டஸ் செடிகளை மரம், புதர், பூண்டு முதலியனவாக வகுத்தார். அலெக்சாந்தரின் படையொடு இந்தியாவுக்கு வந்து மீண்டோர் கூறியதைக் கேட்டு, கிளையிலிருந்து விழுது விடும் நம் ஆலமரத்தையும் அவர் தம் நூலில் குறித்துள்ளார்.

மலையாளக் கரையில் எழுந்த நூல்

பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியைக் கைக்கொண்டிருந்த டச்சுக்காரரின் ஆளுநர் வான் ரீடு என்பவர் அந்நாட்டுச் செடிகொடிகளில் பேரார்வம் கொண்டார். அவற்றின் பெயரும் பயனும் அறிய அவருக்குத் துணையானவர்களுள் முதல்வர் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். வழிவழியாக வந்த ஏட்டுச் சுவடிகளும் மருத்துவ அனுபவமும் அவர்பால் இருந்தன. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் உடனுழைத்தனர். ஆட்கள் காடு புகுந்து செடி கொணர்ந்தனர். ஓவியர் அவற்றை வரைந்தனர். மொழிபெயர்ப்பாளர் செய்தியை மொழி மாற்றினர். முடிவில் அது இலத்தீனில் நூலாயிற்று.

‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, அதாவது மலையாளத் தோட்டம் என்னும் அந்நூல் 1678 முதல் பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் அதில் படத்தொடு விளக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு படத்தின் மேலும் செடியின் பெயர் பல எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது. 1675-இல் இட்டி அச்சுதன் தம் மொழியில் எழுதித் தந்த சான்றுரையும் முதல் தொகுதியில் இடம்பெற்றது. மலையாள மொழி அச்சேறிய முதல் நூல் இதுவே என்பர். பின்னும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதன் முழுப் பொருளும் அது பிறந்த மண்ணின் மக்களுக்கு எட்டாதிருந்தது. தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டு ஆக்கிய ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. மலையாள மொழிபெயர்ப்பு அதன் பின்னரே வந்தது.

லின்னேயஸும் இருசொற் பெயரும்

வான் ரீடின் நூலை விரித்துவைத்துப் பயின்றவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் (1707–1778). இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. நம் செடிகள் பலவற்றை அவர் அறிந்தது இத்தகைய நூல்கள் வாயிலாகவே. அவர் காலத்துக்கு முன் ஒரு செடியின் பெயர் ஒரு வரி நீளும் வருணனையாக இருக்கும். நாட்டுக்கு நாடு மாறும். 1753-இல் வெளியிட்ட தம் தாவர நூலில் லின்னேயஸ் ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டே சொற்களால் பெயர் வகுத்தார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். வடபுலத்துப் பள்ளிகளில் நம் பிள்ளைகளிடம் ‘குடும்பப் பெயர் யாது?’ எனக் கேட்க, அவர்கள் விழிப்பதுண்டு. லின்னேயஸ் காலம் முதல் செடிகொடிகளுக்கு அத்தொல்லை இல்லை.

மாமரத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு அவர் இட்ட பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. மேலிருந்து இறங்கினால், தாவர உலகம், அதில் பூக்கும் தாவரத் தொகுதி, இருவித்திலை வகுப்பு, சப்பிண்டேலிஸ் வரிசை, அனகார்டியேசி குடும்பம், மாஞ்சிஃபெரா பேரினம், இண்டிகா சிற்றினம். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்னும் இவ்வேழு படிகளே வகைப்பாட்டின் அடிப்படை. இவற்றுள் சில பின்வந்தோர் சேர்த்தவை. கீழே இறங்க இறங்க ஒற்றுமை மிகும். மேலே ஏற ஏறக் கூட்டம் பெருகும். மாவின் குடும்பத்தில், போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த முந்திரியும், சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் உள்ளன. மாங்காயின் பால் பட்டால் தோல் புண்ணாகும். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயும் சேராங்கொட்டைச் சாறும் அவ்வாறே செய்யும். உறவு பெயரளவினதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனிப் பெயரை நோக்குவோம். மாங்காய் என்னும் நம் சொல், தமிழ் வழியாகவோ மலையாள வழியாகவோ போர்த்துகீசியர் வாயில் ‘மாங்கா’ ஆகி, மேனாடு சென்று, ‘மாங்காய் தருவது’ என்னும் பொருளில் மாஞ்சிஃபெரா ஆயிற்று. முருங்கை மொரிங்கா ஆயிற்று. வெற்றிலைக் கொடியின் பெயரான பைப்பர் பீட்டில் என்பதன் இரண்டாம் சொல் வெற்றிலையே. புங்கம் பொங்கேமியா ஆனது. பிள்ளைகள் அயல்மொழி என எண்ணி மனப்பாடம் செய்யும் பெயர்களில் பல, அவர்தம் பாட்டிமார் அன்றாடம் வழங்கிய சொற்களே.

தரங்கம்பாடி முதல் கல்கத்தா வரை

லின்னேயஸின் மாணவர் யோகான் கேனிக் 1768-இல் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். சோழமண்டலக் கரையெங்கும் அலைந்து செடிகளைத் திரட்டினார். கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771-இல் பெர்கெரா கேனிகி எனப் பெயரிட்டுத் தம் மாணவரைச் சிறப்பித்தார். நம் வீட்டுத் தாளிப்பில் நாள்தோறும் பொரியும் இலையின் பெயரில் தரங்கம்பாடி மருத்துவர் ஒருவர் வாழ்கிறார் என்பது பலர் அறியாத செய்தி. பின்னர் அச்செடி முரயா என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அண்மைக் கால ஆய்வாளர் சிலர் பழைய பேரினத்துக்கே அதனை மீட்டுள்ளனர். வெட்டிவேரும் அவ்வாறே, நம் சொல்லாலேயே வெட்டிவேரியா என வழங்கிய அதனை இப்பொழுது கிரைசோபோகன் பேரினத்தில் சேர்த்துவிட்டனர். உறவு பற்றிய அறிவு திருந்தும்பொழுது பெயரும் திருந்துகிறது.

கேனிக்குடன் பழகிப் பயின்ற வில்லியம் ராக்ஸ்பர்க் 1793-இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். 1787-இல் ஊக்ளி ஆற்றங்கரையில் சிப்பூரில் நிறுவப்பட்ட அத்தோட்டம் இன்று ஜகதீச சந்திர போஸின் பெயர் தாங்கி நிற்கிறது. ராக்ஸ்பர்க்கின் பொருட்டு இந்திய ஓவியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளை வண்ணத்தில் வரைந்தனர். அவர்களுள் மிகப் பலருடைய பெயர் எங்கும் பதியப்படவில்லை. செடிக்கெல்லாம் பெயர் தேடிய பணியில், வரைந்த கைக்குப் பெயரில்லாது போயிற்று. இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த ஒரு பக்கச் சான்றுரையின் அருமை இதனால் விளங்கும். 1890-இல் இந்தியத் தாவர ஆய்வுத் துறையும், 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையும் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்தன.

தாவர ஆய்வுத் துறையை நாடு விடுதலை பெற்றபின் சீரமைக்கும் பொறுப்பு 1950-களில் தலைசேரியில் பிறந்து சென்னையில் பயின்ற ஜானகி அம்மாளிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயமுத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர் அவர். செடியின் பூவையும் இலையையும் மட்டுமன்றி, செல்லின் உட்கருவிலுள்ள குரோமோசோம்களையும் எண்ணி உறவு காணும் முறையில் வல்லவர். டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை 1945-இல் வெளியிட்டார்.

ஓயாது திருந்தும் பட்டியல்

லின்னேயஸின் அமைப்பும் குறையற்றதன்று. பூவின் மகரந்தத் தாள்களை எண்ணியே அவர் செடிகளை வகுப்புகளாக்கினார். அதனால் உறவற்றவை ஓரிடத்தும் உறவுடையவை வேறிடத்தும் சென்றன. 1735-இல் மீன்களோடு வைத்த திமிங்கலத்தை 1758-இல் பாலூட்டிகளில் தாமே மாற்றினார். மனிதனைக் குரங்கோடு ஒரே வரிசையில் வைக்கும் துணிவு அவருக்கு இருந்தது. ஆயின் மனிதரை நிறத்தாலும் நிலத்தாலும் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தையும் கற்பித்தார். பின்வந்தோர் அதனைக் கொண்டு மக்களுள் ஏற்றத்தாழ்வுக்கு அறிவியல் சாயம் பூசினர். அதனால் விளைந்த கொடுமை பெரிது. உலக மக்கள் யாவரும் ஒரே சிற்றினம் என்பதனையும், அவர்தம் மரபணுக்களில் உள்ள வேறுபாடு மிகமிகச் சிறிது என்பதனையும் இன்றைய ஆய்வு ஐயமற நிறுவியுள்ளது. பகுப்பதில் நேரும் பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை என்பதனை நாம் மறத்தலாகாது.

1859-இல் டார்வின், உயிரினங்கள் பொது முன்னோரிடமிருந்து கிளைத்தவை என்று காட்டியபின், வகைப்பாடு ஒரு குலமுறை வரைபடமாக மாறியது. தாவரம், விலங்கு என்னும் பழைய இரண்டு உலகங்களில் அடங்காத நுண்ணுயிர்களுக்காக 1866-இல் ஹெக்கல் மூன்றாவதொன்றை அமைத்தார். 1969-இல் விட்டேக்கர் ஐந்து உலகங்கள் என்றார்: பாக்டீரியா முதலிய எளிய உயிர்கள், ஒரு செல் உயிர்கள், காளான்கள், தாவரங்கள், விலங்குகள். 1977-இல் கார்ல் ஊஸ் செல்லின் உள்ளே உள்ள மூலக்கூறுகளை ஒப்பிட்டு, பாக்டீரியாவைப் போலத் தோன்றினும் அதனின் வேறான ஆர்க்கியா என்னும் உயிர்க்குலத்தைப் பிரித்துக் காட்டினார். 1990-இல் ஐந்து உலகங்களுக்கும் மேலாக மூன்று பெரும்பிரிவுகள் வகுக்கப்பட்டன. நெடுங்காலம் செடியெனக் கருதப்பட்ட காளான் செடியைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு என்பதும் 1990-களில் மூலக்கூறு ஆய்வால் தெளிவாயிற்று.

இவ்வரலாற்றை நோக்குங்கால், சேர்த்தலை வைத்தியரும், பெயரறியா ஓவியரும், சுவீடன் நாட்டு அறிஞரும், தலைசேரிப் பெண்மணியும் ஒரே பணியில் கை கொடுத்தவர்கள் என்பது புலனாகும். அதில் நம் மொழிக்கும் மண்ணுக்கும் உரிய பங்கு, மிகைப்படுத்தாமலே பெருமை தருவது. ஆயின் நாம் இட்ட பெயர்களை நம் பிள்ளைகள் மறந்தால், மொரிங்கா எஞ்சி முருங்கை மறைந்துவிடும்.

இதற்கு நாம் செய்யத்தக்கது எளிது. நம் காலனியில் நிற்கும் வேம்பு, புங்கம், அரசு, நாவல், மா ஒவ்வொன்றுக்கும் இலத்தீன் பெயரும், தமிழ்ப் பெயரும், நமக்கு இடந்தந்து வாழவைக்கும் இவ்வூர் மக்களின் மொழிப் பெயரும் எழுதிய சிறு பலகை ஒன்றைப் பிள்ளைகளைக் கொண்டே அமைப்போமாக. இலை, பூ, காய்களை நோக்கி இனம் காணும் வேலையை அவர்களிடமே விடுவோம். ஐயம் எழுமிடத்து முதியோரும் அண்டை வீட்டாரும் உதவுவர். ஒரே செடிக்குப் பல எழுத்துகளில் பெயர் பொறித்த அப்பழைய மலையாளத் தோட்ட நூலின் வழியில், அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம் காலனித் தோட்டமும் ஒரு நூலாகட்டும்.